‘மாந்தேக்கா’வின் யாப்பும் ஆக்கியோர் உரிமையும்

கலைப்படைப்பு ஒன்றனை இருவர் கூடி ஆக்கியவழி, அவருள் எழுதத் தெரிந்தவர்க்கே பெருமை முழுதும் சென்று சேர்தல் உலகியல்பு. வாய்மொழியாகத் தந்தவர் மூலப்பொருள் உதவினார் என்ற அளவில் நின்றுவிடுவார். ஏட்டில் ஏற்றியவர் ஆசிரியர் எனப்படுவார். இவ்வழக்கு இலக்கியத்திற்கே உரியதன்று. அமெரிக்க நாட்டு ஜாஸ் இசையில் 1947ஆம் ஆண்டு தோன்றிய ‘மாந்தேக்கா’ என்னும் ஆக்கத்தைப் பற்றிப் பலரும் வழிவழியாகக் கூறிவரும் கருத்திலும் இதனையே காண்கின்றோம். கியூப நாட்டு முழவர் ஒருவர் தாளம் தந்தார்; அமெரிக்க மேதை ஒருவர் அதற்கு இசைவடிவம் தந்து கலையாக்கினார் என்பது அக்கருத்து. அது பொருந்தாது என்பதை அவ்வாக்கத்தின் அமைப்பினைக் கொண்டே நிறுவ முயல்வோம்.

தமிழாய்வுக்குரிய இதழில் கடல் கடந்த இசை பற்றிய ஆராய்ச்சி எற்றுக்கு என வினவுவார் உளராகலாம். வாய்மொழிக் கலையும் ஏட்டுக் கலையும் சந்திக்கும் இடத்தில் திறனாய்வாளன் எதனை அளவுகோலாகக் கொள்வது என்னும் வினா எம்மொழியாளர்க்கும் பொதுவன்றோ? அதற்கு இதனினும் தெளிவான சான்று கிடைத்தல் அரிது. ஒலிப்பதிவு உண்டு, ஆக்கியோருள் ஒருவர் எழுதிவைத்த நினைவுரை உண்டு, மற்றவர் ஒன்றும் எழுதாமல் மறைந்தார்.

அவ்விருவரையும் முதற்கண் அறிமுகம் செய்துகொள்வோம். டிஸ்ஸி கில்லஸ்பி 1917இல் தென் கரோலினா மாநிலத்துச் செரா என்னும் சிற்றூரிற் பிறந்தவர். ட்ரம்பெட் கருவியில் வல்லவர். 1940ஆம் ஆண்டுகளின் முற்பகுதியில் சார்லி பார்க்கர் முதலானோருடன் கூடிப் ‘பீபாப்’ எனப்படும் புதுநெறியைத் தோற்றுவித்தவர். கேப் காலவேயின் இசைக்குழுவில் இருந்தபோது அவருக்கு உடன்குழுவினராக வாய்த்தவர் கியூப நாட்டு மாரியோ பௌசா. இவர் பின்னர் மச்சீட்டோவின் ‘ஆப்ரோ-கியூபன்ஸ்’ குழுவிற்கு இசை இயக்குநராய் விளங்கினார். அங்கு 1943இல் உருவான ‘டாங்கா’வே கியூபத் தாளத்தையும் ஜாஸ் இசையையும் முறைப்பட இணைத்த முதல் முயற்சி என்பர். கில்லஸ்பி 1942 அளவில் இயற்றிய ‘எ நைட் இன் துனீசியா’விலும் பாஸ் கருவி கியூப நடையினை ஒத்து மீள மீள ஒரே தொடரை இசைப்பதைக் கேட்கலாம். ஆகவே ‘மாந்தேக்கா’ வெறுவெளியில் முளைத்ததன்று.

சானோ போஸோ 1915இல் ஹவானாவின் ஏழை மக்கள் குடியிருப்பிற் பிறந்தவர். மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாய்க் கொணரப்பட்டோர் கியூபாவிற் காத்துவந்த அபாக்குவா என்னும் மறைக் கூட்டத்தைச் சார்ந்தவர். அதன் முழவு முறைகளையும் வழிபாட்டுப் பாடல்களையும் அறிந்தவர். இவரைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் இந்த அளவில் நிறுத்திவிடுகின்றனர். அவர் காங்கா முழவர் மட்டும் அல்லர்; நியூயார்க் நகருக்கு வருமுன்னரே ஹவானாவில் பாடலாசிரியராய்ப் பெயர் பெற்றவர். திருவிழா ஊர்வலக் குழுக்களுக்கு இசையமைத்தவர். ‘பிளேன் பிளேன் பிளேன்’, ‘நாகுவே’ முதலிய அவர் பாடல்களை மிகெலிட்டோ வால்டெஸ், மச்சீட்டோ போன்ற முன்னணிப் பாடகர்கள் பாடிப் பரப்பினர். 1947ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நியூயார்க் வந்த அவரைக் கில்லஸ்பிக்கு அறிமுகம் செய்தவர் பௌசா. அவ்வாண்டு செப்டம்பர் 29ஆம் நாள் கார்னகி அரங்கில் ஜார்ஜ் ரஸ்ஸல் துணையுடன் உருவான ‘கியூபானா பி, கியூபானா பாப்’ அரங்கேறியது. ‘மாந்தேக்கா’ டிசம்பர் 30ஆம் நாள் ஆர்.சி.ஏ. விக்டர் நிறுவனத்திற்காக ஒலிப்பதிவாயிற்று.

மாந்தேக்கா என்னும் ஸ்பானியச் சொல்லுக்குப் பன்றிக் கொழுப்பு என்பது பொருள். அடுக்களையில் வழங்கும் சொல்லொன்று இத்துணைப் பெரிய ஆக்கத்திற்குப் பெயராயமைந்தது வியப்பே. அதனைக் குறியீடாகக் கொண்டு பொருள் விரிப்பாரை யாம் பின்பற்ற விரும்பவில்லை.

இனி அமைப்பினை நோக்குவோம். இரண்டு தாள ஒழுங்குகள் இதன்கண் எதிரெதிர் நிற்கின்றன. அவற்றைத் தெளியாமல் மேற்செல்லுதல் இயலாது.

கியூப இசையின் அடிப்படை ‘கிளாவே’. இரண்டு கட்டைகளை ஒன்றோடொன்று தட்டி எழுப்பும் ஐந்து தட்டுக்களாலாகிய தாளவடிவம் அது. நான்கெண்ணிக்கை கொண்ட கட்டங்கள் இரண்டனை ஒரு முழுமையாகக் கொண்டு பதினாறு நுண்கூறுகளாகப் பகுத்தால், 1, 4, 7, 11, 13 ஆகிய இடங்களில் அத்தட்டுக்கள் விழும். முதற் கட்டத்தில் மூன்று, அடுத்ததில் இரண்டு. மூன்று விழும் கட்டம் எண்ணிக்கையோடு முரணி நம்மை முன்னோக்கித் தள்ளும். இரண்டு விழும் கட்டம் இணங்கி அமைதி தரும். இரண்டு முன்னும் மூன்று பின்னுமாக வருதலும் உண்டு. ஆயின் எடுத்த முறை பிறழ்தல் வழுவாகும். கட்டைகள் ஒலியாவிடினும் இவ்வடிவம் கருவியாளர் அனைவருள்ளத்தும் ஓடிக்கொண்டிருக்கும். நம் யாப்பியலார் தளை என்று கூறுவது போல, செவிக்குத் தனியே புலப்படாமல் சீர்களைப் பிணித்து நிற்பது இது. (விளக்கத்திற்காகச் சொன்ன உவமையே, இரண்டும் ஒன்றென்பது எம் கருத்தன்று.)

ஜாஸ் இசையின் அடிப்படை ‘ஸ்விங்’. ஒரு தட்டினை இரண்டாகப் பகுக்குங்கால் முற்பாதி நீண்டும் பிற்பாதி குறுகியும் ஒலிக்கும். பாஸ் கருவி தட்டுக்கு ஒரு சுரமாக நடந்துசெல்லும். கியூப இசையிலோ தட்டின் இருபாதியும் ஒத்த அளவின. பாஸ் நடந்து செல்லாமல், தட்டுக்களுக்கு இடையே விழுந்து, ‘டும்பாவோ’ எனப்படும் ஒரே தொடரைச் சுற்றிச் சுற்றி வரும். முன்னையது நெடிலும் குறிலும் மாறிவரும் ஓட்டம் போல்வது. பின்னையது குறிலிணை ஓட்டம் போல்வது. இரண்டனையும் ஒரே நேரத்தில் இசைத்தால் ஒன்றையொன்று கெடுக்கும். முதல் தட்டு எங்கே விழுகிறது என்பதிலேயே தமக்கும் போஸோவுக்கும் உணர்வு வேறுபட்டிருந்ததைக் கில்லஸ்பி தம் நினைவுரையிற் பதிந்துள்ளார். ஒருவர் மொழியை ஒருவர் அறியாமை இவ்விடர்ப்பாட்டின் சிறுபகுதியே. அவர்கள் எண்ணும் முறையே வேறாயிருந்தது.

‘மாந்தேக்கா’ பிறந்த முறையைக் கில்லஸ்பி 1979இல் வெளியான அந்நினைவுரையில் விளக்குகின்றார். போஸோவுக்கு மேலை இசைக்குறி எழுதத் தெரியாது. அவர் பாஸ் இசைக்க வேண்டுவதை வாயாற் பாடிக் காட்டினார். பின் சாக்ஸபோன்களுக்கு உரியதைப் பாடினார். பின் ட்ராம்போன்களுக்கும் ட்ரம்பெட்டுகளுக்கும் உரியவற்றைப் பாடினார். கில்லஸ்பி அதற்குப் ‘பாலம்’ எழுதிச் சேர்த்தார். (மீள வரும் தலைப்பகுதிகளுக்கு இடையே மாற்றம் தரும் பகுதியை ஜாஸ் இசைவாணர் பாலம் என வழங்குவர்.) கில் ஃபுல்லர் முழுக்குழுவிற்கும் ஏற்ப அதனை எழுதி அமைத்தார். போஸோ விரும்பியவாறே விட்டிருந்தால் அது முற்றிலும் ஆப்ரோ-கியூப இசையாகவே இருந்திருக்கும், பாலம் என ஒன்று இருந்திராது என்பது கில்லஸ்பியின் கூற்று. ஆக்கியோர் பெயர்களாக இம்மூவர் பெயரும் வழங்கிவருகின்றன.

இக்கூற்றிலிருந்து இரண்டு முடிபுகள் பிறந்துள. கில்லஸ்பியின் பாலமே ஆக்கத்தை உயர்த்தியது என்பர் ஒரு சாரார். அப்பாலமே கியூப இசையின் ஓட்டத்தைத் துண்டித்துக் கெடுத்தது என்பர் மற்றொரு சாரார். பகைத்து நிற்கும் இவ்விரு சாராரும் ஓரிடத்தில் ஒன்றுபடுகின்றனர். போஸோ தந்தது ‘தாளம்’, கில்லஸ்பி தந்தது ‘இயற்றல்’ என்பதை இருவரும் வினவாமலே ஏற்றுக்கொள்கின்றனர். பிழை அங்கேதான் தொடங்குகின்றது.

தலைப்பகுதியைச் செவிமடுத்துப் பாருங்கள். காங்காவும் பாஸும் தொடங்குகின்றன. பாஸின் டும்பாவோ மாறாது நிற்க, அதன்மேற் சாக்ஸபோன் அடுக்கு ஒன்று ஏறுகின்றது. அதன்மேற் பித்தளைக் குழல்களின் அடுக்கு. ஒவ்வோரடுக்கும் தனித்து நோக்கின் மிகச் சிறியது. ஒரு குழந்தையும் பாடலாம். ஒன்றன் ஓய்வில் மற்றது பேசுமாறு அவை பொருத்தப்பட்டிருத்தலே ஆற்றல். தலைப்பகுதியின் இன்னிசைத் தொடரே மாம்போ இசையில் மணியிற் கொட்டப்படும் தாளவடிவத்தை ஒத்திருக்கிறது என்பதை ஆய்வாளர் காட்டியுள்ளனர். அஃதாவது, இங்கு இன்னிசை வேறு தாளம் வேறு எனப் பிரித்தற்கில்லை. சுருதியில் ஏறிய தாளமே இன்னிசையாய் நிற்கின்றது. நான்கு கருவிக்கூட்டங்களுக்கும் உரிய பகுதிகளை ஒருங்கே உள்ளத்தில் அமைத்து, அவை ஒன்றோடொன்று மோதாதவாறு ஒவ்வொன்றாகப் பாடிக் காட்டுதல் இயற்றலன்றி வேறென்ன? எழுதுகோல் பிடியாமை ஒன்றே அவர் குறை. வாயாற் பாடியோர் பலர் பாடல்களை ஏடெழுதியோர் பெயரால் வழங்கக் கண்ட நமக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இனிப் பாலத்தை நோக்குவோம். இதுபற்றிக் கில்லஸ்பி கூறும் செய்தி ஒன்று எம் கருத்திற்குப் பெருந்துணை செய்கின்றது. எட்டுக் கட்டங்கள் கொண்ட பாலம் ஒன்றனை எழுதவே அவர் தொடங்கினார். எட்டும் முடிந்தும் தலைப்பகுதியின் சுருதியிடத்திற்கு மீளமுடியவில்லை. எனவே தொடர்ந்து எழுதிப் பதினாறாக முடித்தார். ஜாஸ் பாட்டுக்களின் பெருவழக்கு எட்டு, எட்டு, எட்டு, எட்டு என முப்பத்திரண்டு கட்டங்கள். இங்கோ எட்டு, எட்டு, பதினாறு, எட்டு என நாற்பதாயிற்று. இதனைக் கில்லஸ்பி ஏதோ தற்செயல் போலச் சொல்லிச் செல்கின்றார். யாம் அவ்வாறு கருதவில்லை. தலைப்பகுதி ஒரே இசைக்கோவையின்மேல் நிலைத்து நிற்பது. எங்கும் செல்ல விரும்பாதது. பாலமோ கோவைக்குக் கோவை நகர்ந்து, ஒன்று மற்றொன்றனை அவாவி நிற்கச் செல்வது. நிலைத்து நின்ற ஒன்றிலிருந்து புறப்பட்ட இசை, எட்டுக் கட்டங்களுக்குள் திரும்பியிருப்பின், அது பயணமாய்த் தோன்றியிராது. போஸோவின் தலைப்பகுதி அத்துணை உறுதியுடையதாதலின், அதற்கு எதிர்நிற்கும் பகுதி இருமடங்கு நீளவேண்டியதாயிற்று. ஆகவே கில்லஸ்பியின் பாலத்து அளவினையும் ஒருவகையிற் போஸோவே வரையறுத்தார் எனலாம்.

பாலத்தின் முதல் எட்டுக் கட்டங்களைச் சாக்ஸபோன்கள் குழைந்து இசைக்க, அடுத்த எட்டினைக் கில்லஸ்பியின் ட்ரம்பெட் தனித்தெடுத்து உயர்கின்றது. பதிவு முழுவதிலும் இவ்வெட்டுக் கட்டங்களே மிகச் சிறந்தன என்று சொல்ல யாம் தயங்கோம். அதன் இனிமையோ முன்சென்ற தலைப்பகுதியின் கடுமையை நோக்கி எழுந்தது. பாலத்தை மட்டும் தனியே எடுத்து இசைத்தால், அக்காலத்து நல்ல காதற்பாட்டு ஒன்றன் பகுதி போலவே ஒலிக்கும்.

மற்றொன்றும் ஈண்டுக் கருதத்தக்கது. பதினாறு என்பது இரட்டையெண். கிளாவே இரண்டிரண்டு கட்டங்களாகச் செல்வதாகலின், எட்டாயினும் பதினாறாயினும் பாலம் முடிந்து தலைப்பகுதி மீளும்போது அது தன்னிடத்திலேயே வந்து பொருந்தும். ஒற்றைப்பட்ட கட்டங்களாய் நீண்டிருப்பின் முழுத் தாளமும் தலைகீழாயிருக்கும். பாலம் கியூப இசையைக் கெடுத்தது என்பார் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும். பாலத்துள் ஸ்விங் நடை புகுந்தது மெய். ஆயின் திரும்பி வரும் வாயில் அடைபடவில்லை.

எனினும் குறையில்லை என்று கூறுவதற்கில்லை. டெனர் சாக்ஸபோனின் தனியிசை வரும்பொழுது இசைக்குழு ஸ்விங் நடைக்கு மாறிவிடுகின்றது. அவ்விடத்தில் ‘மாந்தேக்கா’வின் தனித்தன்மை மங்குகின்றது, அந்நாளைய பீபாப் பெருங்குழு எதுவும் இசைத்திருக்கக்கூடிய இசையாய் அஃது ஆகிவிடுகின்றது. தலைப்பகுதிக்குக் கியூப நடை, பாலத்திற்கும் தனியிசைக்கும் ஸ்விங் நடை என்னும் இப்பகுப்புப் பின்னர் ஒரு மரபாகவே வேரூன்றிப் பல்லாண்டுகள் நிலவியது. தாமே புனைந்து இசைக்கும் இடத்தில் கியூப ஒழுங்கிற்குள் நிற்க அன்றைய ஜாஸ் கலைஞர் பெரும்பாலோர்க்குப் பயிற்சி இல்லை என்பதே காரணம். அதனைக் கலைக்கோட்பாடாக்கிப் புகழ்தல் வேண்டா. 1988இல் ஜெர்ரி கொன்ஸாலெஸும் அவருடைய ஃபோர்ட் அப்பாச்சி குழுவினரும் ‘ரும்பா பாரா மங்க்’ தொகுப்பில் தெலோனியஸ் மங்கின் ஆக்கங்களைக் கிளாவே ஒழுங்கில் நிறுத்தித் தனியிசையும் புனைந்து காட்டினர். நாற்பதாண்டுகளில் அப்பயிற்சி கைவந்தது.

கில்லஸ்பி போஸோவை நாடியதற்கு இசைக்கு அப்பாலும் காரணம் உண்டு. அவர் பிறந்த தென் கரோலினாவில், ஸ்டோனோ ஆற்றங்கரையில் 1739இல் அடிமைகள் கிளர்ந்தெழுந்தபோது முழவொலியால் ஆள் திரட்டினர். அதற்கு மறு ஆண்டில் இயற்றப்பட்ட சட்டம் அடிமைகள் முழவும் கொம்பும் வைத்திருப்பதைத் தடுத்தது. கியூபாவிலோ ஆப்பிரிக்க வழியினர் தத்தம் இனக்கூட்டங்களாய் இயங்க இடமிருந்தது. முழவு முறைகள் கையோடு கைசேர்ந்து வந்தன. முழவு பறிக்கப்பட்ட மண்ணிற் பிறந்தவர் முழவைக் காத்த மண்ணிற் பிறந்தவரிடம் சென்று கற்றார். இசைக்குழு ஊர்தோறும் சென்ற பேருந்தில் போஸோ உடன்வந்தவர்க்கு ஆளுக்கொரு முழவு கொடுத்து, ஆளுக்கொரு தாளவடிவம் கற்பித்து, யாவரும் ஒருங்கே கொட்டச் செய்தார் என்று கில்லஸ்பியே கூறுகின்றார். ஆசிரியர் யார், மாணவர் யார் என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

இனிப் ‘பாடம்’ பற்றிய சிக்கல். அமெரிக்க இசைவாணர் சங்கம் 1948 சனவரி 1 முதல் ஒலிப்பதிவு மறுப்பினை மேற்கொண்டது. அது நீங்கியது டிசம்பர் நடுவில். ‘மாந்தேக்கா’ பதிவானது அம்மறுப்புத் தொடங்குதற்கு இரண்டே நாள் முன்னர். போஸோ 1948 டிசம்பர் 2ஆம் நாள் ஹார்லெம் மதுவகம் ஒன்றிற் சுட்டுக் கொல்லப்பட்டார். அகவை முப்பத்துமூன்று. எனவே பதிவுக்கூடத்தில் இருவரும் கூடி இசைத்த ‘மாந்தேக்கா’ அந்த ஒன்றே. அதுவும் இசைத்தட்டின் ஒருபக்க அளவாகிய மூன்று மணித்துளிக்குள் அடக்கப்பட்டது. மேடையில் அது அவ்வளவில் நின்றதன்று. 1948இல் பாரிஸிலும், சூலைத் திங்களிற் கலிபோர்னியாவின் பசதீனாவிலும் நிகழ்ந்த நிகழ்ச்சிகளின் பதிவுகள் கிடைக்கின்றன. பசதீனாப் பதிவு இசைத்தட்டினும் இருமடங்கிற்கு மேல் நீள்வது. அதனைக் கேட்டபின் இசைத்தட்டினை மூலபாடம் என்று கொள்ள எமக்கு மனம் ஒப்பவில்லை. அது சுருக்கப் பாடம். அடுக்குகள் மெல்ல மெல்ல ஏறுவதற்கு வேண்டிய காலத்தை அதில் போஸோ பெறவில்லை. பாலமோ அதன்கண் முழுமையாக உள்ளது. சுருக்கத்தால் இழந்தவர் யார் என்பது தெளிவு. இசைத்தட்டை மட்டும் கேட்டுத் தீர்ப்புரைத்தோர் பாலத்தைப் பெரிதாகக் கண்டமைக்கு இதுவும் ஒரு காரணம் என்க.

பிற்கால ஆக்கங்களுள் இரண்டனைக் குறிப்பிடுதல் போதும். 1954இல் கில்லஸ்பிக்காக ஹவானாவிற் பிறந்த சிக்கோ ஓஃபாரில் ‘மாந்தேக்கா’வை நான்கு பகுதிகள் கொண்ட நெடுந்தொகையாக விரித்தமைத்தார். எழுத்துத்திறன் மிக்கது அது. ஆயினும் விரிவு கூடியபோது இறுக்கம் தளர்ந்தது. 1958இல் பியானோ கலைஞர் ரெட் கார்லண்ட் மூவர் குழுவோடு ரே பரெட்டோவின் காங்காவைச் சேர்த்து இசைத்ததோ நேர்மாறானது. பித்தளைக் குழல்கள் இல்லை, அடுக்குகள் இல்லை, பியானோவின் இரு கைகளே உள. அந்நிலையிலும் தலைப்பகுதி உருக்குலையாமல் நிற்கின்றது. பெருங்குழுவின் முழக்கத்தை நீக்கியபின்னும் எஞ்சி நிற்பது போஸோ வாயாற் பாடிக்காட்டிய அவ்வடிவமே.

1947ஆம் ஆண்டுப் பதிவில் பாஸ் இசைத்தவர் ஆல் மெக்கிப்பன். பேருந்தில் போஸோவிடம் தாளம் கற்றவருள் அவரும் ஒருவர். பின்னாளில் அவர் ஜார்ஜ் ஷியரிங்கின் குழுவிற் சேர்ந்து, கியூப முழவர் அர்மாண்டோ பெராசாவுடன் அமர்ந்து ஆண்டுக்கணக்கில் டும்பாவோ இசைத்தார். எழுதப்படாத அப்பாடம் இவ்வாறு விரல்வழிச் சென்றது.